மூன்றாவது கல்

முதல் கல்லைப் பயத்தில் எறிந்தேன். இரண்டாவதையும் அப்படித்தான். மூன்றாவது கல்லை எதற்காக எறிந்தேன்?

கோவையிலிருந்து புனேவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையைக் குறைக்கத்தான் ஞாயிறு காலைகளில் குன்றுப் பாதைகளில் ஓடும் குழு ஒன்றில் சேர்ந்தேன். கணவரும் வருவார். குன்றை இங்கே டேக்டி என்பார்கள். மழைக்காலத்தில் புல் இடுப்புவரை வளர்ந்து, பாதை ஒற்றையடியாகச் சுருங்கிவிடும். அன்று நான் வேகமாக ஓடி எல்லோரையும் முந்தியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினால் ஆடு மேய்க்கும் ஒரு மனிதர். கையில் கம்பு, முன்னால் கறுப்பு நாய்.

"தாயி! பாய்! பாய்!"

தாயி என்றால் அக்கா. காய்கறிக்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மற்றது தமிழாகவே காதில் விழுந்தது. நாயை என்மேல் பாயச் சொல்கிறான் என்று நினைத்தேன். நின்று கல்லை எடுத்தேன். முதல் கல் தவறியது. இரண்டாவது அவர் புருவத்தில் பட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. நாய் என்னை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது. அப்போதுதான் மூன்றாவது கல்லை எறிந்தேன், உட்கார்ந்திருந்தவர் மேல். அது தோளில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வந்த வழியே ஓடிப்போய்க் கணவரிடம், "ஒருத்தன் நாயை ஏவி விட்டுட்டானுங்க" என்றேன். அவரும் குழுவில் இரண்டு பேரும் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த மனிதர் அதே இடத்தில் துண்டால் நெற்றியை அழுத்தியபடி இருந்தார்.

"இவன்தானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஆமாங்க."

முதல் அறையைக் கணவர்தான் கொடுத்தார். வீட்டில் சத்தம்போட்டுக்கூடப் பேசாதவர். அந்த மனிதர் குனிந்து என் பாதத்தைக் காட்டி, "பாய், தாயி, பாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"இப்ப கால்ல விழறானாக்கும்!" என்றார் கணவர். குழுவில் ஒருவர் அந்த மனிதரின் விலாவில் உதைத்தார். இன்னொருவர் அவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: இந்த ஆளிடம் ஜாக்கிரதை. நான் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நாய் மட்டும் விடாமல் குரைத்தது.

நான்கு நாள் கழித்து, மகளுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு வயது. பள்ளியில் மராத்தி சொல்லித்தருகிறார்கள். தலையைத் தொட்டு "டோகே" என்றாள். கையை நீட்டி "ஹாத்". காலை என் மடியில் போட்டு, "பாய்!"

"பாய்னா படுக்கறது கண்ணு."

"ஐயோ அம்மா, உனக்கு ஒண்ணுமே தெரியல! இதுதான் பாய்!" என்று என் தொடையில் ஓங்கி மிதித்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கணவருக்குத் தெரியாமல் தனியாகக் குன்றுக்குப் போனேன். நான் நின்று கல் எடுத்த இடத்திலிருந்து மூன்று எட்டில், புல்லுக்குள் கணுக்கால் உயரத்தில், அறுந்த முள்கம்பி இழுபட்டுக் கிடந்தது. அதற்கு அப்பால் பழைய கல்குவாரிப் பள்ளம். எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினேன். ஆடுகள் இல்லை. அவரும் இல்லை. அடிவாரத்து டீக்கடையில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதே இல்லை என்றார்கள்.

படம் இன்னும் குழுவில் இருக்கிறது. கீழே கைதட்டும் படங்கள். கணவர் நண்பர்களிடம் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் டீ போடப் போய்விடுகிறேன். உண்மையைச் சொன்னால், தான் அடித்தது யாரை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை அவர் எப்படித் தாங்குவார் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் அந்த மனிதர் அந்தப் படத்தில் இருப்பவராகவே இருந்துவிடுவார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தாலும், முதல் இரண்டு கல்லுக்குக் காரணம் சொல்லிவிடுவேன். மூன்றாவதற்கு?

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் முதலில் யாரிடம் போக வேண்டும்? போய், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும்?