அரிசி டின்

எண்பதுகளில் ஒரு விடுமுறை நாளில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் கோலசிலாங்கூரிலிருந்து படகு பிடித்துத் தீவு பார்க்கப் போனோம். அதற்கு முன்பே லயம் முழுக்க ஒரே பேச்சு. தீவில் திருடர்களாம், நடுக்கடலில் கொள்ளைக்காரர்களாம், கழுத்தில் தங்கம் மின்னினால் அறுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அதனால் பெண்கள் தாலிக்கொடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டார்கள். என் அம்மாவும்தான்.

எதிரே மீன்படகு வந்தபோதெல்லாம் அவர்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள். வெறும் கயிற்றைத் திருட எவன் வருவான்? தீவில் நாங்கள் மறந்துவிட்ட தூக்குச்சட்டியை ஒரு சீனக் கிழவர் படகுத்துறைவரை ஓடிவந்து கொடுத்தார். அப்பா அவரையும் முறைத்துத்தான் பார்த்தார்.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினால், தீவுக்குப் போனவர்களின் வீடுகள் மட்டும் திறந்து கிடந்தன. எந்த வீட்டிலும் அலமாரியைத் தொடவில்லை, மெத்தையைப் புரட்டவில்லை. அரிசி டின் மட்டும் கவிழ்ந்து, தரையெல்லாம் அரிசி. நகையை அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கள் லயத்துப் பெண்களின் வழக்கம். தீவுக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள், எங்களோடு வராத பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். "வெளியாளு எவனோ பூந்துட்டான்லா" என்றார்கள். அம்மா தலையாட்டிக்கொண்டே எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவர்கள் எழுந்து போனதும், பட்டப்பகலில், முதல் முறையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.