பூனை வாலில் அரிசி

சென்ற வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சேமியா பாயசத்தை மெல்ல ஒதுக்கி வைத்தேன். "சுகரா?" என்று பக்கத்தில் இருந்தவர் பரிவோடு கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சாப்பிடுகிற மனுஷனிடம் உண்மையைச் சொல்லலாமா? உங்களிடம் சொல்லலாம்; நீங்கள் இப்போது சாப்பிடவில்லை என்று நம்புகிறேன்.

கல்யாணமான புதிதில் திருவொற்றியூரில் ஒரு பின்கட்டு வீட்டில் குடியிருந்தோம். நான் சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தேன். மனைவி பரிதா வண்ணாரப்பேட்டைத் தாய்வீட்டிலிருந்து நான்கு கோழிகளும் ஒரு பூனையுமாக வந்து சேர்ந்தாள். அவற்றில் செவலைக் கோழி அவளுடைய செல்லம். சில மாதங்களில் அது இளைத்துப்போனது. தீனியெல்லாம் நன்றாகத்தான் தின்றது. ஆனால் கொண்டை வெளுத்து, முட்டையும் நின்றுவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது. "அதுக்கு அம்மா வூட்டு நெனப்பு" என்றேன்.

"எனக்கே வரல, கோழிக்கு வந்துடுச்சா?" என்றாள் பரிதா.

ஒரு காலையில் கூண்டுப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. எச்சத்துல சேமியா மாரி இன்னாமோ நெளியுது!"

குனிந்து பார்த்தேன். அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். "செவல பொழைக்குமா?" என்று பரிதா கேட்டபோது முதல்முறையாக, "டாக்டரக் கேட்டுடலாம்" என்றேன்.

மறுநாள் லீவு போட்டு, கோழியைக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா அதன் நெஞ்செலும்பைத் தடவினார். கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தது.

"குடல்ல புழு. எல்லாக் கோழிக்கும் மருந்து குடுக்கணும். ராத்திரி தண்ணிய எடுத்துட்டு, காலையில மருந்து கலந்த தண்ணிய மட்டும் வைங்க. கூண்டைக் கூட்டிக் காய வைங்க. நான் சொல்ற வரைக்கும் முட்டை சாப்பிடாதீங்க." எழுதிக்கொண்டே, "வேற எதுனா வளக்குறீங்களா?" என்றார்.

"ஒரு பூனை கீது டாக்டர். ரொம்ப சுத்தம். கொட்டின அரிசி மேல உக்காந்துடும்போல, வாலுக்கடியில எப்பவும் அரிசி ஒட்டிகினு இருக்கும். நான்தான் தெனம் எடுத்து விடுவேன்."

பேனா நின்றது. "கையாலயா?"

"ஆமா."

"சார், அது அரிசி இல்ல. நாடாப்புழு. துண்டு துண்டா வெளிய வருது."

திரும்பி வரும்போது என் வலது கையை, யாரோ கொடுத்து வைத்த பொருளைப்போல ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன். சோப்பு பாதியாகக் கரைந்தது. அதைவிடக் கஷ்டம் பரிதாவிடம் சொல்வதுதான். அரிசியைக் கண்டபடி இறைக்கிறாள் என்று அவளைத் தினமும் கடிந்துகொண்டிருந்தவன் அல்லவா!

அசையாமல் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்கம்மாகிட்ட வேற சொன்னீங்களே!"

கோழிகள் சமர்த்தாகக் குடித்தன. பூனைக்கு மாத்திரை கொடுத்த கதையை என் மணிக்கட்டுக் கீறல்கள் சொல்லின. "இன்னா மாமு, வூட்ல பேஜாரா?" என்று கிடங்கில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். பூனையிடம் தோற்றதாகச் சொல்வதைவிட இது கௌரவம்.

மெல்ல மெல்லச் செவலையின் கொண்டை சிவந்தது. டாக்டரம்மா அனுமதித்த பிறகு வந்த முதல் முட்டையைப் பரிதா பொரித்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இப்போது அந்த வீடு அடுக்குமாடி. கோழி கிளறிய மண் முழுக்க சிமென்ட் போட்டு வண்டிகள் நிற்கின்றன. அன்று இருட்டு பிரியும் முன்பே கூண்டுக்குள் சண்டை தொடங்கிவிடும். பரிதா அரைத்தூக்கத்தில் அவற்றைத் திட்டிக்கொண்டே எழுந்து போவாள். இப்போது காலையில் எங்களை எழுப்புவது போன்தான். விழித்த பிறகும் அவள் சற்று நேரம் படுத்தே இருக்கிறாள். திறந்துவிட யாரும் காத்திருக்கவில்லை.