துறைமுகப் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது செய்தி வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "அக்கா, உங்கடை கந்தோர்ச் சவிரி அண்ணை விடியப்புறம் மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம், அவ்வளவுதான்," என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்தி கொண்டுவந்த மனிதரோடு சண்டைக்குப் போனேன். "ஆர் சொன்னது? வடிவாய் விசாரிச்சனீரோ? வாய்க்கு வந்ததைச் சொல்லித் திரியாதையும்!" என்று சத்தம் போட்டேன். பாவம் அந்த மனிதர். என் கையிலிருந்த வெறும் எண்ணெய்க் கானை வாங்கிச் சைக்கிளில் கொழுவிவிட்டு, "ஏறுங்கோ அக்கா, நான் கொண்டுபோய் விடுறன்," என்றார். செத்தவீட்டுக்கு அவருடைய சைக்கிளில்தான் போய்ச் சேர்ந்தேன்.

நாரந்தனையில் எங்கள் உப தபாற்கந்தோரில் கடிதம் எடுத்த உங்கள் எல்லோருக்கும் சவிரிமுத்துவைத் தெரியும். இன்றைக்கு நீங்கள் கொக்குவிலிலும் வன்னியிலும் கனடாவிலும் சிதறிக் கிடக்கிறீர்கள். பேப்பரில் எழுதும் இது யார் யார் கைக்குப் போய்ச் சேருமோ, அறியேன். அவர் தபாற்காரர், நான் உப தபாலதிபர். பதவியில் நான் மேலே, வயதில் அவர் பதினைந்து வருடம் மேலே. எனக்கு வாய் கொஞ்சம் காரம். சட்டம் என்று வந்துவிட்டால் ஒரு நூலும் விலகமாட்டேன். அதனால் அவர் எனக்கு வைத்த பட்டம் 'சட்டப்புத்தகம்'. என் முகத்துக்கு முன்னாலேயே சனங்களிடம், "இண்டைக்குச் சட்டப்புத்தகம் நல்ல குணத்திலை இருக்குது, வேண்டிய அலுவலைக் கெதியாய் முடிச்சுக்கொண்டு போங்கோ," என்பார். நான் முறைத்தால், "முத்திரை ஒட்டாமல் இந்தக் கந்தோருக்குள்ளை ஒரு ஈயும் பறக்க ஏலாது, தங்கச்சி," என்று சிரிப்பார்.

தீவுச் சனமான நாங்கள், தீவார், படம் பார்க்கிற விதத்தை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் மத்தியானக் காட்சிக்குப் போனாலும் சரி, பின்னேரக் காட்சிக்குப் போனாலும் சரி, எங்கள் பஸ் படம் முடிய முன்னமே வெளிக்கிட்டுவிடும். தியேட்டருக்குள் கதாநாயகன் வில்லனை நெருங்குகிற நேரம் பார்த்து, பின்வரிசைகளில் கதிரைகள் தடதடவென்று மடங்கும். "தீவார் எழும்பிட்டாங்கள், படம் முடியப்போகுது," என்று பட்டினத்தார் நையாண்டி பண்ணுவார்கள். நெடுந்தீவார் பாடு இன்னும் மோசம். இடைவேளையோடு எழும்பினால்தான் அவர்களுக்குக் கடல் தாண்ட லோஞ்சு கிடைக்கும். முடிவை அடுத்த நாள் யாராவது பட்டினத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் எங்கள் வழக்கம். சவிரி அண்ணை ஒரே ஒரு படத்துக்கு அந்த வழக்கத்தை மீறினார். துறைமுகப் படம் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பழைய கடத்தல்காரன் படம் அது. பஸ்ஸை விட்டுவிட்டு முடிவுவரை இருந்து பார்த்தார். பிறகு பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை என்று நடந்தே ஊருக்கு வந்து, காலையில் நேரத்துக்குத் தபால் பையை அவிழ்த்தார். "முடிவு பார்க்காத படம் விலாசமில்லாத கடிதம், தங்கச்சி. ஆருக்கு எழுதினதெண்டு தெரியாமல் போயிடும்," என்பார்.

அந்த முடிவை அவர் எத்தனை வீட்டுப் படலையில் நின்று சொல்லியிருப்பார்! துறைமுகத்தைக் கட்டி ஆண்ட கடத்தல்காரன் எதிரிகளை எல்லாம் சுட்டு வீழ்த்துகிறான். புகை அடங்கினபிறகு பார்த்தால், அவனுக்குச் சிறுவயதில் சோறு போட்ட மூட்டை தூக்கும் கிழவரும் அவனுடைய குண்டிலேயே விழுந்து கிடக்கிறார். "அதோடை அவன் துவக்கை இறங்குதுறைப் பலகையிலை வைச்சுப்போட்டுக் குந்தியிருந்து கடல் தண்ணியிலை கையைக் கழுவுவான். கழுவிக்கொண்டே இருப்பான். பொலிஸ் வந்து நிண்டாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். அதோடை படம் சரி." அவர் சொல்லும்போது தானும் நிலத்தில் குந்தி இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டுவார். கடிதத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அடுப்பில் சோறு கரியும். ஆனாலும் நிற்பார்கள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் பொடியள் ஒவ்வொருவராக இயக்கத்துக்கென்று வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சவிரி அண்ணையின் ஒரே மகன் அன்ரன் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். பேச்சுக் குறைந்து, வீட்டில் சாப்பாடும் குறைந்து, சைக்கிளோடு எங்கேயோ போய் வரத் தொடங்கினான். ஒருநாள் சவிரி அண்ணை முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இவன் போகப்போறான். எனக்குத் தெரியுது. சொல்லிக் கேக்கிற வயசில்லை, அடிக்கவும் ஏலாது. அந்தப் படத்தை ஒருக்காய் அவனுக்குக் காட்டவேணும். முடிவை மட்டும் பார்த்தால் காணும்." படம் பார்த்து யாராவது மனம் மாறுவார்களா என்று எனக்கு வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

லண்டனில் இருந்த, அவருக்கு மருமகன் முறையான ஒருவர், ஒரு தமிழ்க் கடையில் அந்தப் படத்தின் ஒரிஜினல் வீடியோக் கசற் வந்திருப்பதாக எழுதினார். சில மாதத்தில் பார்சல் எங்கள் கந்தோருக்கே வந்து சேர்ந்தது. சவிரி அண்ணை ஆவலோடு கையை நீட்டினார். நான் விடுவேனா? "பொறுங்கோ. சட்டப்படி முதலிலை அறிவித்தல் துண்டு வீட்டுக்குப் போகவேணும்," என்றேன். அவரும் சளைக்கவில்லை. தன் பெயருக்குத் தானே துண்டு எழுதி, சைக்கிளில் போய், தன் வீட்டுப் படலையில் தானே மணி அடித்து, "சவிரிமுத்து எண்டவர் இருக்கிறாரோ?" என்று கேட்டிருக்கிறார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி மரியம்மா அக்கா விளக்குமாற்றோடு வந்து, "உங்களுக்கென்ன விசரே?" என்றாவாம். "ஓம் எண்டு கையெழுத்தைப் போடும், பிறகு பேசும்," என்று துண்டைக் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையோடு திரும்பி வந்து, சனங்கள் நிற்கிற பக்கத்தில் நின்றார். நான் அட்டையில் இருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "படத்திலை இருக்கிறவர் உங்களைவிட வடிவு," என்றபடி பார்சலைக் கொடுத்தேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு ரோட்டுவரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, மத்தியானம் அவருடைய வீட்டில் படம். ஊர்காவற்றுறையிலிருந்து ரிவிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தன. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கினார்கள். அயலட்டைச் சனம் எல்லாம் பாயில் இருந்தது. அன்ரனும் இரண்டு சிநேகிதரும் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிழை தெரிந்தது. அகலமான படத்தை ரிவிப் பெட்டிக்குள் அடக்குவதற்கு இரண்டு கரையையும் வெட்டியிருந்தார்கள். கடத்தல்காரனான அண்ணனும் அவனுடைய தம்பியும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பேசுகிற பெயர்பெற்ற கட்டத்தில் ஒரு மூக்கு நுனியும், சிகரெட் புகையும், நடுவில் வெறும் மேசையும்தான் தெரிந்தன. இருட்டுக் கட்டங்களில் ஒன்றுமே தெரியவில்லை. கதாநாயகனின் கழுத்துக்குக் குறுக்கே கசற் போட்ட கம்பனியின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சவிரி அண்ணை எழும்பி ரிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, வெறும் சுவரைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடத்திலை தம்பி இருக்கிறான். அவன்ரை கண் கலங்கியிருக்குது." ஆட்கள் சுவரைப் பார்த்தார்கள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை, முடிவு வரப்போகிறதே என்று இருந்தார்.

முடிவு வரவில்லை. கடத்தல்காரன் கடைசி எதிரியையும் சுட்டு வீழ்த்தி, துவக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். படம் அப்படியே உறைந்தது. வணக்கம் என்று எழுத்து விழுந்தது. சுவரோடு நின்ற பொடியள் விசிலடித்துக் கைதட்டினார்கள். சவிரி அண்ணை டெக்கைத் தட்டினார், கசற்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் முடியேல்லை, இருங்கோ. கடைசியை வெட்டிப்போட்டாங்கள். இனித்தான் அவன் துவக்கைக் கீழை வைக்கிறவன்," என்றார். அன்ரன் அமைதியாக, "அப்பா, படம் முடிஞ்சுது. நீங்கள் கட்டின கதையைச் சொல்லாதேங்கோ," என்றான்.

"இஞ்சை ஆரும் தியேட்டரிலை முடிவு பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடியவர்கள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீரும் பார்த்தனீரெல்லே? சொல்லும்." மகனும் என்னைப் பார்த்தான். உண்மையாகவே, பதிலுக்காகப் பார்த்தான். நானோ சட்டப்புத்தகம். பொய்த் திகதி முத்திரை ஒன்றுகூட வாழ்க்கையில் குத்தாதவள். "நான் அந்தக் கட்டத்துக்கு முன்னமே கடைசி பஸ்ஸுக்கு எழும்பி வந்திட்டன், அண்ணை," என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. அன்ரனும் சிரித்தான். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மரியம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று கிழமையில் அன்ரன் போய்விட்டான். அவனுடைய சைக்கிள் மண்கும்பான் பஸ் தரிப்பில் சாத்தியபடி கிடந்தது. ஓர் 'ஓம்', ஓர் 'அப்பிடித்தான்', அவ்வளவுதானே கேட்டார் என்று நான் அழுதேன். சவிரி அண்ணை என்னை ஒரு வார்த்தை நோகச் சொல்லவில்லை. "நீர் உள்ளதைத்தானே சொன்னனீர்," என்றார். அதைவிடச் செவிட்டில் ஓர் அறை போட்டிருக்கலாம்.

அதன்பிறகு அவர் வீடியோக் கம்பனிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஐயா, தங்கள் கசற்றில் கடைசிப் பத்து நிமிடம் இல்லை, தயவுசெய்து அனுப்பிவைக்கவும். உறையில் விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுப்பேன். "முடிவு வரட்டும். அவன் ஒருக்காய் வீட்டை வராமலே போகப்போறான்?" என்பார். ஒவ்வொரு காலையும் பையை அவிழ்த்து இரண்டு கடிதத்தைத் தேடுவார், கம்பனியுடையது ஒன்று, மகனுடையது ஒன்று. இரண்டும் வரவில்லை. இரண்டு வருடத்தின் பிறகு இயக்கத்து ஆட்கள்தான் வீட்டுக்கு வந்து, அவன் செத்துவிட்டான் என்று சொன்னார்கள். அன்ரனின் உடலும் வரவில்லை. அடுத்த நாளும் அவர் வேலைக்கு வந்து பையை அவிழ்த்துக் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அடுக்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அவர், "சனம் நிக்குது, கதவைத் திறவும்," என்றார்.

ஆமி வந்து இறங்க, தீவை விட்டு எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு ஓடிவந்தபோது அவர் கொண்டுவந்த பையில் உடுக்க இரண்டு சாரமும், செபமாலையும், பொலித்தீனில் சுற்றிய அந்தக் கசற்றும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. இருந்தாலும் அதை இனி யார் பார்க்கப்போகிறார்கள்? செத்தவீட்டில் அது அலுமாரிக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

சவத்தைக் கொண்டு சவக்காலைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை நான் மரியம்மா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவ அழுது ஓய்ந்துபோயிருந்தா. திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டா: "பிள்ளை, உள்ளதைச் சொல்லும். அந்தப் படத்திலை அவன் துவக்கைக் கீழை வைச்சவனோ? இல்லாட்டில் இந்த மனுசன் பெத்த பிள்ளைக்குப் பொய் சொன்னவரோ? இவ்வளவு வருசமாய் அவரிட்டைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை."

"வைச்சவன் அக்கா," என்றேன். "பலகையிலை வைச்சுப்போட்டுக் கடல் தண்ணியிலை கையைக் கழுவினவன். நான் என்ரை கண்ணாலை பார்த்தனான்."

அவ என் கையை விட்டா. "அப்ப ஏன் பிள்ளை அண்டைக்குச் சொல்லேல்லை?"

சவிரி அண்ணை போனபிறகு எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வியும், நான் ஒருநாளும் பார்க்காத அந்த முடிவும்தான். பலகையில் கிடக்கிற துவக்கு. தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்கிற கை. இனி யார் கேட்டாலும் நான் பார்த்தேன் என்றே சொல்வேன், சட்டம் என்ன சொன்னாலும் சரி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மரியம்மா அக்காவுக்கு இப்போது கண் மங்கல். இதை அவவுக்கு யாராவது வாசித்துக் காட்டினால், பார்சல் வந்த கதையோடு நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் அவ சிரிப்பா. மிச்சத்தை வாசிக்காமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்புங்கள். நாங்கள் தீவார், முடிவுக்கு முன்னம் எழும்பிப் போவது எங்களுக்குப் புதிதில்லையே.