சல்லித் தோணியின் செம்பு

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு டொக்டர் அருளம்பலம் கதிரையை வாசற்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காலை ஆட்டத் தொடங்கினால், தபாற்காரர் கடற்கரை வீதி முனைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டுத் தபால் திருகோணமலைக்கு எந்த நாளும் வரலாம். செவ்வாயில்தான் வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

வருவது சின்னத் தபாலட்டைகள். ஒன்று பின்லாந்திலிருந்து, ஒன்று பிரேசிலிலிருந்து. உங்கள் கட்டுரையில் ஒரு பிரதி அனுப்புவீர்களா என்று எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் அச்சடித்திருக்கும். அவர் முத்திரையை உற்றுப் பார்ப்பார். மகளின் பழைய தேசப்படப் புத்தகத்தில் அந்த ஊரைத் தேடிப்பிடித்துப் பென்சிலால் புள்ளி வைப்பார். கேட்டவருக்குப் பிரதியை அனுப்பிவிட்டு, அட்டையைப் பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்குவார்.

"கல்லு வந்த ஆக்களைவிடக் கல்லைப் பற்றிக் கேக்கிற ஆக்கள்தான் கூட" என்பார் அவர் மனைவி இரத்தினேஸ்வரி.

சிறுநீரகத்திலும் சலப்பையிலும் வரும் கற்களை அறுத்தெடுப்பது அவர் தொழில். எடுத்த கற்கள் ஹோர்லிக்ஸ் போத்தல்களில் இருக்கின்றன. போத்தல்களில் ஆளின் பெயர் இல்லை, ஊரின் பெயர்தான்: சல்லி, திரியாய், குறிஞ்சாக்கேணி. சந்தையில் யாரைக் கண்டாலும் சுகம் விசாரிக்க மாட்டார். "இண்டைக்கு எத்தினை செம்பு தண்ணி?" என்றுதான் கேட்பார். மீன் விற்கும் லாபிர் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்கோ டொக்டர், மீனுக்கோ?" என்பார்.

அந்தக் கட்டுரை ஏழு வருடத்துக்கு முன் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. டொக்டருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மூதூருக்குப் போகும் லாஞ்சியில் ஏறினாலே சத்தி எடுப்பார். ஆகவே ஆராய்ச்சி முழுவதும் கரையில்தான் நடந்தது. கல் வந்த இருநூறு மீனவர்களை மணலில் இருத்தி, கடலில் ஒரு நாளைக்கு எத்தனை செம்பு குடிப்பார்கள் என்று கேட்டார். மூன்று என்றார்கள் அநேகர். வீட்டுப் பித்தளைச் செம்பில் தண்ணீர் நிறைத்து அளந்தார். தொள்ளாயிரம் மில்லிலீற்றர். மூன்று செம்புக்குக் கிட்டத்தட்ட மூன்று லீற்றர். இவ்வளவு குடித்தும் கல் வருகிறது என்றால் குற்றம் தண்ணீரின் அளவில் இல்லை என்று எழுதினார்.

தண்ணீர் குறைந்தால்தான் கல் வரும் என்று எல்லோரும் சொன்னதற்கு மாறாக இருந்ததால் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கொழும்பில் இருக்கும் சிநேகிதர் கனகசுந்தரம் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவ நூலகத்துக்குப் போய், அந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுவார். போன வருடத்தோடு இருபத்துமூன்று. தலையணை அளவுப் பாடப்புத்தகம் ஒன்றில் அரை வரியும் இவர் பெயரும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூற்கயிறு கிடக்கிறது.

இந்த மாசியில் சல்லி மீனவர் யோகலிங்கம் இரண்டாவது கல்லோடு ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். முதற் கல்லை டொக்டரே நாலு வருடத்துக்கு முன் எடுத்து, தண்ணீரில் பிழையில்லை, குடிக்கிற மாதிரியே குடியுங்கோ என்று அனுப்பியிருந்தார். கட்டிலருகே நின்று வழக்கம்போல எத்தனை செம்பு என்று கேட்டார். மூன்றுதான் என்றார் யோகலிங்கம். அவர் மனைவி சிவபாக்கியம் பையிலிருந்து வாய் ஒடுங்கிய சின்ன அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்துப் புருசனுக்குத் தண்ணீர் பருக்கினார்.

டொக்டர் அது என்ன என்று கேட்டார்.

"செம்பு, ஐயா. தோணிக்குக் கொண்டுபோறது. பெரிசெண்டால் ஆட்டத்திலை எல்லாம் சிந்திப்போகும். எல்லாத் தோணியிலையும் இதுதான்."

டொக்டர் அதை வாங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத் தானே போனார். கோடு போட்ட கண்ணாடிச் சாடியில் மூன்று தரம் ஊற்றி அளந்தார். மூன்று தரமும் நானூறு. மூன்று செம்பும் சேர்ந்து ஒன்றேகால் லீற்றர்கூட வரவில்லை.

திரும்பி வந்தவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் உங்களுக்குச் சொன்னது பிழை, யோகலிங்கம். இந்தச் செம்பாலை ஏழு குடிக்கோணும்."

"ஏழுக்குத் தண்ணி ஏத்தினால் மீனுக்கு எங்கை ஐயா இடம்?" என்றார் யோகலிங்கம். சிரித்தது வலித்திருக்க வேண்டும், விலாவைப் பிடித்துக்கொண்டார்.

இரத்தினேஸ்வரிக்கு இதைப் பெரிதாக்குவதில் விருப்பமில்லை. வாழ்நாளில் ஒரேயொரு கட்டுரை. அதையும் தன் கையாலேயே அழிக்க வேண்டுமா என்று இரண்டு நாள் வாதாடினார். "இருபத்திமூண்டு பேர் எழுதிப்போட்டினம். இனி ஆர் வந்து சல்லியிலை செம்பைப் பாக்கப்போகினம்?"

"அந்த இருபத்திமூண்டு பேரும் தங்கடை நோயாளியளுக்கு இதைத்தானே சொல்லுவினம்" என்றார் டொக்டர்.

சஞ்சிகைக்குக் கடிதம் போயிற்று. திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் போடுவதாகப் பதிலும் வந்தது. ஆனால் முன்பே பிரதி வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

அடுத்த செவ்வாய் சிலி நாட்டிலிருந்து ஓர் அட்டை வந்தது. டொக்டர் தேசப்படத்தைத் திறக்கவில்லை. சிவபாக்கியத்திடம் கேட்டு வாங்கிய சின்னச் செம்பு மேசையில் இருந்தது. ஒரு பிரதியை எடுத்து, அளவு வரும் இடத்தையும் முடிவு வரும் இடத்தையும் சிவப்பு மையால் வெட்டி, சரியானதை ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு பிஸ்கட் தகரத்தை மேசையில் கவிழ்த்தார். ஏழு வருடத்துக்கு முன் முதலில் வந்த அட்டை இப்போது மேலே கிடந்தது. அதை எடுத்து, விலாசம் தெரியும்படி செம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இன்னொரு பிரதியை முன்னால் இழுத்துக்கொண்டு, மூடியிருந்த சிவப்புப் பேனாவை மறுபடி திறந்தார்.