மூன்று புள்ளி மூன்று

என் தங்கை லோகேஸ்வரியை முன்கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவள் புருஷன் முகுந்தன் பின்னறையில் லாப்டாப்பைப் பிரித்து, கரண்டு அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு வருடம் நான் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாவு வீட்டில் மனுஷன் செய்கிற வேலையா அது?

முகுந்தனுக்கு புக்கிட் செந்தோசாவில் வீடு. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் எலக்ட்ரானிக் போர்டு சோதிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால், செத்துப்போன லாப்டாப்புகளைப் பழுது பார்ப்பான். அதிகம் பேசமாட்டான். யாராவது “போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க” என்றால் மட்டும், “அளந்து பாத்தியா?” என்று கேட்பான். அவ்வளவுதான்.

தங்கை போன மறு வருடம் இனிப்பு நீர் வியாதி அவன் கண்ணைத் தின்றது. பிறகு கிட்னி.

போன தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னான். நான் கோலா சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டுகிறவன். மோட்டார் சைக்கிளில் போனேன். மேசையில் அதே லாப்டாப், பிரித்தபடி.

“மச்சான், நான் சொல்ற எடத்துல வச்சி நம்பர மட்டும் படிங்க.”

“நான் ஆறாங்கிளாஸு, மாப்ள.”

“நம்பர் தெரியும் லா. குலைய எண்ணித்தானே சம்பளம் வாங்குறீங்க.”

கறுப்புக் கம்பியை ஸ்குரு ஓட்டையில் வைக்கச் சொன்னான். சிவப்பை, சார்ஜர் நுழையும் இடத்தில்.

“பத்தொம்பது புள்ளி அஞ்சு.”

“கரண்டு உள்ள வருது.” விரலால் தடவி, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சாம்பல் நிறக் கட்டிகளைக் காட்டினான். ஒன்றில் ஐந்து வந்தது. மற்றதில் சைபர். மூன்று தடவை படிக்க வைத்தான்.

“அங்க மூணு புள்ளி மூணு வோல்ட்டு வரணும். அது வந்தாத்தான் மத்ததெல்லாம் முழிக்கும்.”

சார்ஜரைப் பிடுங்கி, மீட்டரைத் திருகித் தந்து, அதே இடத்தில் வைக்கச் சொன்னான். மீட்டர் கீச்சிட்டது.

“ஷார்ட்டு. அன்னிக்கும் இங்கதான் நின்னேன். எள்ளளவு சாமான் ஒண்ணு செத்துருக்கு. தேடிக் கழட்டினாப் போதும். அப்புறம் ரெண்டு தடவ தொறந்தேன், பாதியிலயே மூடிட்டேன். இப்ப கண்ணில்ல.”

“அப்படி என்னதான் இருக்கு இதுல?” நான்கு வருடக் கோபம் என் குரலில் வந்துவிட்டது.

“ஈஸ்வரி குரல். மக நித்தியாவுக்குச் சொல்ற கதையெல்லாம் போன்ல பேசிப் பதிஞ்சு இதுல போட்டு வச்சா. புள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு, அம்மா குரல் ஞாபகமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, ‘இத சரி பண்ணி வைங்க’ன்னா. நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். அவள வீட்டுல வச்சிருந்த அன்னிக்குத்தான் தொறந்தேன்.”

“கடையில குடுக்குறதுதானே?”

“போர்டையே மாத்திருவானுங்க. குரல் இருக்குற மெமரி அதுலயே சோல்டர் வச்சி ஒட்டுனது. போர்டு போனா குரலும் போச்சு.”

“சரி, போன்ல இருக்குமே.”

அவன் கோப்பையைத் தடவி எடுத்தான். கிட்னி போனதால் தண்ணீர்கூட ஒரு வாய்தான் குடிக்கலாம் அவன். குடித்தான்.

“அவ போனை நீங்கதானே பெட்டியில வச்சீங்க, மச்சான்.”

ஆமாம். எந்நேரமும் கையில் வைத்திருப்பாளே என்று, சவப்பெட்டியை மூடும்முன் நான்தான் அவள் விரலுக்குள் செருகினேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவளோடு அதுவும் எரிந்தது. நான்கு வருடத்தில் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் மாதம் முகுந்தனும் போய்விட்டான். அதற்கு முதல் வாரம், படுக்கையில் இருந்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“என் பெட்டியில எதையும் வைக்காதீங்க, மச்சான். மீட்டர்கூட வேணாம். அந்தப் போர்டுல ஒரு தாள் ஒட்டுங்க. பத்தொம்பது வருது, அஞ்சு வருது, மூணு புள்ளி மூணு வரல, ஷார்ட்டுன்னு உங்க கையால எழுதுங்க. அடுத்து தொறக்குறவன் மொதல்லேருந்து அளக்க வேணாம்.”