சாத்தே குச்சி ஒட்டிய முறுக்கு டப்பா

அக்கா இல்லாத முதல் தீபாவளி கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தங்கையாகிய நான் சொல்ல விரும்புவது ஒரு முறுக்கு டப்பாவின் கதை.

குளுவாங் டவுனை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட, லாரிப் பட்டறை வேலைக்காக அப்பா எங்களை டவுனுக்கு அழைத்து வந்தார். சமையலையும் என்னையும் பார்த்துக்கொண்டே அக்கா படித்தார். மகா பிடிவாதக்காரர். இன்று பெருமையாக எழுதுகிறேன். அன்று அந்தப் பிடிவாதத்தால் நிறைய அழுதிருக்கிறேன்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படித்தபோது அவருக்கு அறிவியல் பிரிவுக்குப் போக ஆசை. மதிப்பெண் சற்றுக் குறைவு. தமிழரான அறிவியல் ஆசிரியர் ஒரு வழி சொன்னார்: "ஒரு மாடல் செஞ்சு காட்டும்மா. மணல்லேருந்து இரும்பு தானா பிரியணும். கையால தட்டிவிட்டா செல்லாது. சரியா வந்தா நான் பிரின்சிபல்கிட்ட பேசுறேன்."

அக்காவின் யோசனை எளிது. உருளைக்குள் காந்தம் அசையாமல் நிற்கும். உருளை மட்டும் சுழலும். மேலே கொட்டும் கலவையில் மணல் முன்னால் விழுந்துவிடும். இரும்பு ஒட்டிக்கொண்டே சுற்றிப்போய், காந்தத்தைத் தாண்டியதும் பின்னால் விழும். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தைப் பால்மாவு டின்னுக்குள் வைத்தார். அது டின்னையே கவ்விக்கொண்டது.

"அலமாக்! டின்னும் இரும்புதானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா சிரித்தேவிட்டார்.

அடுத்து, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் முறுக்கு டப்பா. தீபாவளி முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். அது நன்றாகச் சுழன்றது. ஆனால் இரும்புத்தூள் வழுக்கி, காந்தத்துக்கு நேராகவே நின்றது. பொறுமையிழந்து நான் விரலால் தட்டிவிட்டேன்.

"கை வைக்காத! நீ தட்டிவிட்டா அப்புறம் மெஷின் எதுக்கு?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்குள், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகளை நறுக்கி, டப்பாவின் மேல் வரிசையாக ஒட்டிவிட்டார். குச்சிகள் தூளைத் தள்ளிக்கொண்டு போயின.

படிவம் ஒன்றில் இருந்த நான்தான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கூடப் போனேன். ஆசிரியர் முன் முதல் சுற்றில், பின்னால் வைத்த தட்டில் எதுவும் விழவில்லை. என் கை தானாக எழுந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தார், இறக்கிக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் பின்தட்டில் இரும்புத்தூள் பொலபொலவென்று விழுந்தது. ஆசிரியர் நேரே முதல்வர் அறைக்கு நடந்தார்.

அக்கா பொறியியல் படித்தார். கெலாங் பாத்தா பக்கம், பழைய சாமான்களிலிருந்து இரும்பைப் பிரிக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். என் திருமணத்தையும் முன்னின்று நடத்தினார்.

நோய் வந்த பிறகும் குணம் மாறவில்லை. சுவரைப் பிடித்தபடி குளியலறைக்குத் தாமே நடப்பார். பின்னாலேயே போனால், "கை வைக்காத, நானே போறேன்லா," என்பார்.

மருத்துவமனைக்கு முறைவைத்துக் கார் ஓட்டிய அண்டை வீட்டாரே, கஞ்சி கொண்டுவந்த அக்காவின் வேலைத் தோழியரே, தாதியரே, உங்கள் கைகளையும் அவர் பலமுறை விலக்கியிருப்பார். கோபித்துக்கொள்ளாமல் கூடவே நின்றீர்கள். எங்கள் குடும்பம் உங்களை என்றும் நன்றியோடு நினைத்திருக்கும்.

கடைசி நாள் மாலை, பழகிய பழக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அக்கா மெல்லத் தம் கையை என் பக்கம் நீட்டினார்.

"இப்ப கை வைக்கலாம்லா," என்றார்.

பிடித்துக்கொண்டேன். அவர் விடும்வரை நான் விடவில்லை.