சுக்ராவின் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி

ஓசூரில் கண்ணாடி வைத்த எந்தக் கட்டடத்தைக் கடந்தாலும் லால் பாஷாவால் சும்மா வர முடியாது. "இதுல மூணாவது மாடி நான் மாட்டுனது" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியே தீருவார். பொய்யும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடியோடு குடும்பம் நடத்துகிற மனிதர். ஆனால் கூத்தைக் கேளுங்கள், அவர் வீட்டு ஜன்னல் ஒன்றில்கூடக் கண்ணாடி கிடையாது. எல்லாம் மரப்பலகைதான். அது அவர் மனைவி சுக்ரா போட்ட உத்தரவு.

கல்யாணமான புதிதில், வாடகை வீட்டு ஜன்னலுக்கு அவர் ஆசை ஆசையாக ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு அடித்து, அதிலிருந்து தெறித்த ஒரு சில் சுக்ராவின் கையைக் கிழித்துவிட்டது. ஒன்பது தையல். "உங்க கண்ணாடிய ஊருக்கெல்லாம் மாட்டுங்க. எங்கிட்ட மட்டும் கொண்டு வராதீங்க" என்றவள், அதற்கப்புறம் இறங்கி வரவே இல்லை.

லால் பாஷாவும் விடுகிற ஆள் இல்லை. தொழிலில் புதிதாக எது வந்தாலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதன் புராணம்தான். "நான் வேலைக்குச் சேந்தப்ப வந்த கண்ணாடியில பாத்தா தெருவே நெளியும். அப்புறம் நெளிவில்லாதது வந்துச்சு. அப்புறம் டஃபன். உலையில சுட்டு, காத்தடிச்சு குளிர வெக்கிறாங்க. ஒடைஞ்சா பொடிப்பொடியாதான் உதிரும், கிழிக்காது. இப்ப ரெண்டு டஃபனுக்கு நடுவுல பிலிம் வெச்சு ஒட்டறாங்க சுக்ரா! ஒடைஞ்சாலும் அப்படியே புடிச்சுக்கும், கீழ உழாது."

"ரசம் ஊத்தட்டுமா?" என்பாள் சுக்ரா.

போன வருஷம் பக்கத்து வீட்டு வெங்கடம்மா மாடி கட்ட ஆரம்பித்தாள். சுக்ரா துணி தைக்கிற பின்னறைக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போயிற்று. பட்டப்பகலில் டியூப் லைட் போட்டும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. ஒருநாள் மிஷினைத் துணியால் மூடிவிட்டு, "இனிமே தைக்கலங்க. கண்ணு ஒத்துக்கல" என்றாள். இருபத்தெட்டு வருஷம் ஓடிய மிஷின். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே வேலையில் ஒரு தப்பு நடந்தது. தப்பு அவருடையதேதான். ஒரு துணிக்கடை வாசலுக்கு, நடுவில் பிலிம் வைத்து ஒட்டிய அதே ரெட்டைக் கண்ணாடியில் கூரை. அளவு முப்பத்தெட்டு அங்குலம் ஆறு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நம் ஆசாரிகள் கணக்கு. இவர் காகிதத்தில் 38.6 என்று எழுதினார். பட்டறைக் கம்ப்யூட்டருக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்? பத்தில் ஆறு என்று எடுத்துக்கொண்டது. கண்ணாடி நாலு மில்லி குறைந்து வந்து நின்றது.

பட்டறை முதலாளி ஆனந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "இழுத்து நீட்டவும் முடியாது, அறுத்து வேற எதுக்கும் போடவும் முடியாது. டஃபன் பண்ணதுல கட்டர் வெச்சா மொத்தமும் பொடியாயிடும். எங்கயாவது கொண்டு போய்யா, என் கண்ணு முன்னால வெக்காத!"

லால் பாஷா கண்ணாடியை நேராக வீட்டுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை வெட்ட முடியாது, சரி, கூரையை வெட்டலாமே! பின்னறையின் சிமென்ட் ஷீட்டை அதே அளவுக்கு அறுத்து, இரும்புச் சட்டம் வைத்து உட்கார வைத்துவிட்டார். சுக்ரா வாசலில் நின்று கத்தித் தீர்த்தாள். "ஒரு மாசம் பாரு. புடிக்கலன்னா நானே கழட்டிடறன்" என்று கெஞ்சினார்.

அறை நடுவில் வெயில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. சுக்ராவோ மூடி வைத்த மிஷினைத் திறந்து மூலைக்குத் தள்ளிப் போட்டு, அங்கே உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு தைத்தாள். என்ன பிடிவாதம்! ஆனாலும் மிஷின் தினம் நாலு விரல் நகர்ந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மூன்றாவது வாரம் அவள் கண்ணாடிக்கு நேர் கீழே இருந்தாள்.

அன்று மத்தியானம்தான் வெங்கடம்மாவின் மாடியில் கொத்தனார் கைதவறிச் செங்கல்லை விட்டார்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லால் பாஷாவுக்குச் சத்தம் கேட்டது. டம்ளரைப் போட்டுவிட்டு, "யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். ஒட்டிய ரெண்டில் மேல் கண்ணாடி முழுக்க நொறுங்கிக் கிடந்தது. செங்கல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு பொடி உதிரவில்லை. சுக்ரா ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"எந்திரி! வெளிய வா புள்ள!"

"இருங்க, ஜாக்கெட்டுல ஒரு கைதான் பாக்கி. தச்சுட்டு வரன்."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. லால் பாஷா அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சுக்ரா தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "அழாதீங்க. இத மாத்தறப்ப இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க."